பிள்ளை வளர்ப்பு: சேலத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளிகளில் நடக்கும் பெற்றோர் கூட்டங்களில் குழந்தை உளவியல் பற்றிப் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. மேடையில் இருக்கும்வரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பேசி முடித்து டீ கொடுக்கும்போதுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஆய்வு சொல்வது எது, என் கருத்து எது என்பதை அங்கங்கே பிரித்தும் சொல்லியிருக்கிறேன்.

கண்டிப்பா வளர்க்கணுமா, செல்லமா வளர்க்கணுமா?

இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியும். இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட முடிவும் அதுதான். 1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர், பாலர் பள்ளிக் குழந்தைகளையும் அவர்கள் வீடுகளையும் கவனித்து, வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார். சொன்னதைச் செய் என்று மட்டும் சொல்லும் வீடு, எதற்கும் தடை சொல்லாத வீடு, விதியும் வைத்து அதற்குக் காரணமும் சொல்லி பிள்ளை பேசுவதையும் கேட்கும் வீடு. 1983இல் எலினோர் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் இதை அன்பு, கட்டுப்பாடு என்ற இரண்டு அளவுகளில் வைத்துப் பார்த்து நான்காவது ஒன்றையும் சேர்த்தார்கள்: அன்பும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை, பிள்ளை பாட்டுக்கு வளர்கிறது. பிள்ளைகளுக்கு அதிகக் கெடுதல் செய்வது இந்த நான்காவதுதான்.

விதி, காரணம், காது கொடுப்பது மூன்றும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பிலும் பழகுவதிலும் நன்றாக வருகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 1994இல் ரூத் சாவ் என்பவர் ஒரு முக்கியமான கேள்வி எழுப்பினார். அமெரிக்காவில் வாழும் சீனத் தாய்மார்கள், வளர்ப்பு முறையை அளக்கும் கேள்வித்தாளின்படி வெறும் அதட்டல்காரர்களாகத் தெரிந்தார்கள். ஆனால் அவர்கள் கண்டிப்புக்குப் பின்னால் கூடவே உட்கார்ந்து பழக்கிவிடும் உழைப்பு இருந்தது, நெருக்கம் இருந்தது. கேள்வித்தாள் அதை அளக்கவே இல்லை. நம் ஊர் அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வரும். "படிக்காம எழுந்திரிச்சே, தெரியும்" என்று மிரட்டிக்கொண்டே ராத்திரி பதினோரு மணிவரை பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவை எந்தப் பெட்டியில் போடுவது?

இந்த ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரங்க பண்ணது. நமக்குப் பொருந்துமா?

நியாயமான சந்தேகம். ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் அமெரிக்காவின் முக்கியமான உளவியல் இதழ்களை எடுத்துப் பார்த்தார். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான்.

விதிவிலக்குகளும் உண்டு. தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பற்றுதலைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுகளுக்கு மேரி ஐன்ஸ்வொர்த் வித்திட்டது 1950களில் உகாண்டாவின் கிராமங்களில். பத்துப் பேர் தூக்கி வளர்க்கும் வீடுகளில் இருந்துதான் அந்தச் சிந்தனையே தொடங்கியது. நம் நாட்டிலேயே 1960கள் முதல் சூசன் சீமோர் என்ற மானுடவியலாளர் புவனேஸ்வரில் குடும்பங்களோடு பழகி எழுதினார். கூட்டுக் குடும்பங்களில் குழந்தை அழுதால் உடனே அம்மாதான் ஓடிவர வேண்டும் என்றில்லை. அத்தை வருவாள், பாட்டி வருவாள், சில நேரம் கொஞ்சம் காத்திருக்கவும் நேரும். ஒருவரையே சார்ந்திருக்காமல் எல்லாரோடும் சேர்ந்து வாழக் குழந்தை அப்படித்தான் பழகுகிறது என்பது அவர் பார்வை.

அதனால் நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். குழந்தைக்கு நம்பிக்கையான பெரியவர் வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது. அந்தப் பெரியவர் யார், எத்தனை பேர், அன்பை வாய்விட்டுச் சொல்கிறாரா அல்லது தட்டில் இன்னொரு தோசை வைத்துக் காட்டுகிறாரா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும்.

எங்க அப்பா அடிச்சுத்தான் வளர்த்தாரு. நாங்க நல்லாத்தானே இருக்கோம்?

கூட்டத்துக்குக் கூட்டம் வரும் கேள்வி, பெரும்பாலும் அப்பாக்களிடமிருந்து. நீங்கள் நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். உங்கள் அப்பா உங்களுக்காக உழைத்தார், பள்ளிக்கு அனுப்பினார், காய்ச்சல் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடினார். நீங்கள் நன்றாக இருப்பதற்கு இதில் எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

அதைப் பிரித்துப் பார்க்கத்தான் நிறைய பேரை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2016இல் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் 75 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஏறத்தாழ 1,61,000 குழந்தைகள். கை ஓங்கி அடிக்கும் சாதாரண அடியைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அடி வாங்கிய குழந்தைகள் அதனால் அதிகம் சொல்பேச்சு கேட்டதாகத் தெரியவில்லை. முரட்டுத்தனம், மனவருத்தம், பெற்றோரோடு விலகல் ஆகியவைதான் அடியோடு சேர்ந்து வந்தன.

"அது அவங்க ஊர்ல, இங்க எல்லாரும் அடிக்கிறாங்க, பிள்ளைங்களுக்கும் பழக்கம்" என்பார்கள். அதையும் பார்த்திருக்கிறார்கள். ஜெனிஃபர் லேன்ஸ்ஃபோர்டும் அவர் குழுவும் இந்தியா உள்பட ஆறு நாடுகளில் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. அடிப்பது சகஜம் என்று நினைக்கும் சமூகத்தில் அதன் தீங்கு கொஞ்சம் குறைகிறது, உண்மைதான். ஆனால் எங்குமே அது நன்மையாக மாறவில்லை. அங்கும் அடிபட்ட பிள்ளைகளிடம் பயமும் முரட்டுத்தனமும் கூடுதலாகவே இருந்தன.

பள்ளியைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. "நல்லா நாலு போடு போடுங்க சார்" என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

கோபத்துல கத்திட்டேன். குழந்தை மனசுல அது நின்னுடுமா?

இதைக் கேட்பவர்கள் அநேகமாக அம்மாக்கள். கேட்கும்போதே கண் கலங்கிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது எட்வர்ட் டிரோனிக் 1970களில் செய்த ஒரு சோதனையைப் பற்றி. சில மாதக் குழந்தையோடு அம்மா கொஞ்சி விளையாடுகிறார். திடீரென்று முகத்தை அசைக்காமல் வெறுமையாக வைத்துக்கொள்கிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது, எதுவும் பலிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சில நிமிடங்கள்தான். பிறகு அம்மா பழையபடி சிரிக்கிறார், குழந்தை முதலில் முறுக்கிக்கொண்டாலும் மெதுவாகத் திரும்பி வருகிறது.

எல்லாரும் அந்த வெறும் முகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அவர் கூடவே கண்டுபிடித்த இன்னொன்று: நன்றாக இருக்கும் அம்மாவும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் ஒத்துப்போவது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதி நேரமெல்லாம் தப்புவதும் திரும்பப் பிடிப்பதுமாகவே போகிறது. உறவு வளர்வது அப்படித் திரும்பப் பிடிப்பதில்தான்.

ஆகவே கத்தியது நடந்துவிட்டது என்றால், அடுத்த வேலை பாக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "அம்மா ரொம்பக் கத்திட்டேன்ல, வேலைல களைப்பு, உன்மேல தப்பில்ல" என்று சொன்னால் போதும். பெரியவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. நான் பார்த்தவரை போவதில்லை. சமாதானம் சொல்லத் தெரிந்த வீட்டில்தான் பிள்ளை தான் செய்த தப்பையும் வந்து சொல்கிறது.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம் / வீட்லயே பட்டறை. பிள்ளையைக் கவனிக்கவே நேரமில்ல.

குழந்தைக் காப்பகம் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 1991இல் அமெரிக்காவில் 10 இடங்களில் 1,364 குழந்தைகளோடு தொடங்கியது. பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். காப்பகத்தின் தரம் மொழி வளர்ச்சியில் தெரிந்தது. மிக நீண்ட நேரம் காப்பகத்தில் இருந்தவர்களிடம் கொஞ்சம் சண்டித்தனமும் தெரிந்தது. ஆனால் இரண்டையும்விட வலுவாகத் தெரிந்தது வீடுதான்: வீட்டுக்கு வந்தபின் அம்மா குழந்தையின் குறிப்பறிந்து நடந்துகொள்கிறாரா என்பது.

சேலத்தில் வேலைக்குப் போவது, வீட்டில் இருப்பது என்ற பிரிவே பல குடும்பங்களுக்கு இல்லை. அம்மாபேட்டையில் தறி, சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு, எல்லாம் வீட்டுக்குள்ளேயே. ஒரு கொலுசு வேலை வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அம்மா தரையில் உட்கார்ந்து கொலுசில் மணி கோத்துக்கொண்டிருந்தார். நாலு வயதுப் பெண் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தட்டிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்து நீட்டினாள். "இது வேணாம், வாய் ஒடுங்கியிருக்கு." "ஏம்மா ஒடுங்குச்சு?" "அச்சுல அப்படி விழுந்துடுச்சு." "அதுக்கு வலிக்குமா?" அம்மா சிரித்தார், கை நிற்கவில்லை.

பிள்ளைக்கு நேரமே ஒதுக்க முடியவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டவர் அதே அம்மாதான். 2018இல் ரேச்சல் ரோமியோவும் உடன் ஆய்வாளர்களும் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளையையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பெரியவர்கள் மொத்தம் எத்தனை வார்த்தை பேசினார்கள் என்பதைவிட, குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசியது எத்தனை முறை என்பதே மூளையின் மொழிப் பகுதி சுறுசுறுப்பாக இருப்பதோடு ஒத்துப்போனது. குடும்ப வருமானத்தைக் கழித்துப் பார்த்தாலும் அப்படித்தான். மணி கோக்கும் அந்த வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கடினமான இடம் தறி வீடு. விசைத்தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கரண்ட் போகும் நேரத்தையாவது பிள்ளைக்குக் கொடுங்கள் என்று அங்கே கேட்டுக்கொள்கிறேன்.

தாத்தா பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாங்களே?

கெடுப்பதில்லை. வீட்டுக்கு வீடு விதி வேறு என்பதைக் குழந்தைகள் சீக்கிரம் புரிந்துகொள்ளும். குழந்தைக்கு முன்னால் மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதுதான் சங்கடம்.

பிள்ளையை ஏற்காட்டு ஹாஸ்டல்ல சேர்க்கலாமா?

மலையில் பழைய உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வசதியுள்ள குடும்பங்கள் ஆசைப்பட்டுச் சேர்க்கிறார்கள். அதே மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வேறு வழியில்லை. இரண்டு பேருக்கும் ராத்திரி விளக்கை அணைத்ததும் வரும் ஏக்கம் ஒன்றுதான்.

வயது முக்கியம். என் கருத்து: முடிந்தவரை பத்து வயதுக்கு முன் வேண்டாம். ஒரு காலத்தில் பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்த்த குழந்தைகளைப் பெற்றோர் தினமும் பார்க்க விடமாட்டார்கள், பார்த்தால் அழுவார்கள் என்று. ஜான் பௌல்பியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும், அழாமல் அடங்கிப்போன குழந்தை தேறிவிட்டதாக அர்த்தமில்லை, நம்பிக்கை விட்டுப்போயிருக்கலாம் என்று காட்டினார்கள். 1959இல் அரசுக் குழு ஒன்று பெற்றோர் வரத் தடை கூடாது என்று பரிந்துரைத்தது. "முதல் வாரம் அழுதான், இப்ப சமர்த்தாயிட்டான்" என்று யாராவது சொன்னால் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். அவன் சிநேகிதன் பெயர் சொல்கிறானா, வார்டன் மேல் கோபப்படுகிறானா, விளையாட்டுக் கதை பேசுகிறானா? பேசினால் சரி. எல்லாவற்றுக்கும் "ம்" என்றால் ஒருமுறை மலையேறிப் போய் வாருங்கள்.

போகும்போது முதல் கேள்வியாக மார்க்கைக் கேட்காதீர்கள். ஏரிக்கரை பெஞ்சில் பையனை உட்கார வைத்து, பார்சலைக்கூடப் பிரிக்காமல் "கணக்குல என்னாச்சு?" என்று கேட்ட அப்பாவைப் பார்த்திருக்கிறேன். பையன் அதற்கப்புறம் போட் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு நாய் குட்டி போட்டது, மாமரம் காய்த்தது, இதையெல்லாம் முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோன்னு சொன்னா தப்பா?

2015இல் அலெக்சாண்டர் ஜென்சனும் சூசன் மெக்ஹேலும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பிள்ளைகளில் யார் நன்றாகப் படிப்பவர் என்று பெற்றோர் நம்பினார்களோ அதை ஒட்டியே அடுத்தடுத்த மதிப்பெண்கள் விலகிப்போயின. முன்பு வாங்கிய மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த நம்பிக்கைக்குத் தனி வலு இருந்தது. வாயால் ஒப்பிடாவிட்டாலும் பிள்ளைக்கு அது தெரிந்துவிடுகிறது.

பொண்ணோட போனை எடுத்துப் பார்க்கலாமா?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று தெரிந்து வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் தப்பு வழிக்குப் போவது குறைவு என்று பல ஆண்டுகளாக ஆய்வுகள் சொல்லிவந்தன. அதனால் "நன்றாகக் கண்காணியுங்கள்" என்று எல்லாருக்கும் அறிவுரை சொல்லப்பட்டது. 2000இல் ஸ்வீடனில் ஆய்வு செய்த ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் எளிமையான ஒரு கேள்வி கேட்டார்கள்: பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது? 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் விசாரித்ததில், பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு பிள்ளை தானாக வந்து சொன்னது. துருவித் துருவிக் கேட்டதாலும் கட்டுக்காவலாலும் தெரிந்தது குறைவு. தங்களை இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளின் நிலை அதனால் மேம்படவும் இல்லை.

ஒழுங்கான பிள்ளைக்கு மறைக்க எதுவும் இல்லாததால் அது அதிகம் பேசியிருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி, இரண்டு பக்கமும் காரணம் இருக்கும். ஆனாலும் இத்தனை ஆண்டு ஆய்வுகளில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னால், நான் இதைத்தான் கொடுப்பேன். பிள்ளை தானாகச் சொல்கிறதா? சொன்னால் நம் வீட்டில் என்ன நடக்கிறது?

ஏழாம் வகுப்புப் பெண் "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பையன் மெசேஜ் பண்றான்மா" என்று சொல்கிறாள். நாம் உடனே "அவகூடச் சேராத" என்கிறோம். அத்தோடு அந்தக் கதவு சாத்தியாயிற்று. அவள் சொன்னது சிநேகிதியைப் பற்றியா தன்னைப் பற்றியா என்பதுகூட நமக்குத் தெரியாமலே போய்விடும். "அப்படியா, அப்புறம் அவ என்ன பண்ணா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவதைத் தொடர்ந்தால் மீதிக் கதை வரும்.

சின்ன வயதில் போனை உங்கள் கையில் வைத்திருங்கள், அதில் தவறில்லை. ஆபத்து இருப்பதாக உண்மையான சந்தேகம் வந்தால் சொல்லிவிட்டுப் பாருங்கள். பெண் என்பதற்காக மட்டும் பார்த்து, பையன் போனைத் தொடாமல் விடுவது என்றால், அதைக் கண்காணிப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சின்னக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் போன் காட்டலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்: இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. போன் காட்டிச் சோறு ஊட்டுவதை விட்டாலே பாதி குறையும்.

பொண்ணுன்னா வேற, பையன்னா வேறன்னு இப்பவும் இருக்கா?

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைத் தவிர்க்க முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுவரையிலான குழந்தைகளில் 1000 பையன்களுக்கு இங்கே 851 பெண்கள். மாநிலச் சராசரி 942. 2011இல் சேலத்தின் எண்ணிக்கை 900ஐத் தாண்டியது. மாற்றம் வந்திருக்கிறது, அதற்காக உழைத்த செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் பலர். ஆனால் உயிரோடு விடுவது மட்டும் போதாது. தம்பிக்கு டியூஷன், அக்காவுக்குத் தறிக்கு நூல் தார் சுற்றும் வேலை என்று இருக்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன்.

நாங்க சண்டை போட்டா பிள்ளைக்குப் பாதிப்பா?

மார்க் கம்மிங்ஸ் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். சண்டை வருவதைவிட அது எப்படி முடிகிறது என்பதைக் குழந்தை கூர்ந்து பார்க்கிறது. பேசித் தீர்த்துக்கொண்டதைப் பார்த்தால் பதற்றம் தணிகிறது. நாள்கணக்கில் பேசாமல் இருந்து, "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ரெடின்னு" என்று பிள்ளையைத் தூது விடுவது சத்தமில்லாத சண்டை, அதுவும் பிள்ளைக்குத் தெரியும். அடிதடி இருக்கும் வீடு வேறு விஷயம். அங்கே சமாதானம் பற்றிப் பேசும் முன் பாதுகாப்பு வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

எனக்கு அன்பா வளர்ந்த அனுபவமே இல்ல. நானும் அப்படித்தான் ஆயிடுவேனா?

இதைக் கேட்பவர் எல்லாரும் போனபின் கடைசியாக வருவார்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1975இல் 267 ஏழைக் கர்ப்பிணிப் பெண்களோடு தொடங்கிய ஆய்வு அவர்கள் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும்வரை நீண்டது. சிறுவயதில் கொடுமைப்படுத்தப்பட்ட தாய்மார்களில் சிலர் அதையே தங்கள் பிள்ளைகளுக்குச் செய்தார்கள், சிலர் செய்யவில்லை. 1988இல் பைரன் ஈக்லாண்டும் உடன் ஆய்வாளர்களும் செய்யாதவர்களிடம் என்ன இருந்தது என்று எழுதினார்கள். சிறுவயதில் அன்பு காட்டிய வேறொரு பெரியவர். வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் கிடைத்த மன ஆலோசனை. இப்போது நிலையாகத் துணை நிற்கும் வாழ்க்கைத்துணை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பேரைப் பல பதிற்றாண்டுகள் பின்தொடர்ந்த எமி வெர்னரும் இதை ஒட்டியே சொன்னார்: மிகக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாக வந்தார்கள், அவர்களுக்கு எங்கேயோ ஒரு பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆசிரியரோ இருந்தார்.

எனவே கேள்வி கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: "யாராவது ஒருத்தர் இருந்தாங்களா?" பெரும்பாலும் யோசித்துவிட்டு ஒரு பெயர் சொல்வார்கள். சித்தி, டீச்சர், தெருமுனைக் கடைக்காரர். அவர் செய்ததை உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்யலாம். யாருமே இல்லை என்பவர்கள் தயங்காமல் ஆலோசனை பெறுங்கள்.

யார்கிட்ட போறது?

மன ஆலோசனைக்கு டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை 14416, இலவசம், தமிழில் பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, எந்த நேரமும். நேரில் பார்க்க சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் புற நோயாளிச் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள் என்பதை நினைவில் வைத்து, முதல் பஸ்ஸிலேயே இறங்கிவிடுங்கள்.